ஏழாம் நம்பர் தட்டு

அத்தியாயம் 5

"கடிதத்தை இன்னொரு தரம் படி தம்பி" என்றாள் அண்ணி.

கொழுந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டான். அண்ணியின் துப்பறியும் நிலையத்தில் கடிதம் படிப்பது, கதவு தட்டுவது, திட்டு வாங்குவது எல்லாமே அவன் இலாகா. அவனுடைய அண்ணன் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்க, அண்ணனின் மனைவி ஊரில் உள்ள களவாணிகளை மடக்கிக்கொண்டிருக்க, இருவருக்கும் நடுவில் அகப்பட்டு முழிப்பவன் அவன்.

"'ஏழாம் நம்பர் தட்டுக்கு முதலிடம் என்று ரேடியோவில் அறிவிக்காதீர்கள். அப்படி ஒரு நால்வர் குழுவே உலகத்தில் கிடையாது. தெரிந்தால் ஊரே சிரிக்கும். அவர் பாவம்.' அவ்வளவுதான் அண்ணி. கையெழுத்து இல்ல. எழுத்துப்பிழையும் இல்ல. அதனால எழுதினது நம்ம அண்ணன் இல்லைன்னு அடிச்சுச் சொல்லலாம்."

அண்ணி சிரிக்கவில்லை. அவள் வேலை நேரத்தில் சிரிப்பதில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்து வீட்டுக்குப் போய்ச் சிரிப்பாள்.

வானொலி நிலையத்தின் இரண்டாம் மாடியில், சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு குட்டி அறையில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே நிகழ்ச்சித் தயாரிப்பாளர் அம்மாள் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். 'ஒரே பாட்டு, ஒன்பது தட்டு' என்ற நிகழ்ச்சியை முப்பத்தோரு வருஷமாக நடத்தி வருகிறவள். மாதம் ஒரு நால்வர் இசையை, அதாவது நாலு தந்தி வாத்தியங்களுக்கென்று எழுதிய மேல்நாட்டு இசையை, எடுத்துக்கொள்வார்கள். அதே இசையை ஒன்பது வெவ்வேறு குழுக்கள் வாசித்த ஒன்பது இசைத்தட்டுகளைப் பழுப்புத் தாளில் சுற்றி, பெயர் தெரியாமல் நம்பர் மட்டும் போட்டு, ஒரு விமர்சகர் வீட்டுக்கு அனுப்புவார்கள். அவர் கேட்டு, ஒப்பிட்டு, ஒன்று முதல் ஒன்பது வரை வரிசை எழுதி, உறையில் ஒட்டித் தருவார். முடிவை அவர் வாயாலேயே நேரடி ஒலிபரப்பில் அறிவிப்பார்.

அந்த விமர்சகருக்கு ஊரார் வைத்த பெயர் பாம்புச்செவியார். வயலின் வில்லில் கட்டியிருக்கும் குதிரைமயிர் புதுசா, போன வருஷத்துதா என்று கேட்டே சொல்லிவிடுவாராம்.

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு அறிவிப்பு" என்றாள் தயாரிப்பாளர். "எங்க டைரக்டர் இந்த நிகழ்ச்சிய எப்படா மூடலாம்னு காத்துக்கிட்டிருக்காரு. அந்த அரை மணியில போக்குவரத்து நிலவரம் போடணுமாம். இல்லாத குழுவுக்கு முதலிடம் குடுத்தோம்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கே இழுத்து மூடிடுவாரு. நான் எப்படியோ பொழைச்சுக்குவேன் மேடம். அவரு தாங்க மாட்டாரு. அந்த மனுஷனுக்கு இருக்கிறதெல்லாம் அந்த ரெண்டு காதுதான்."

"எல்லாருக்கும் ரெண்டுதானே?" என்றான் கொழுந்தன்.

அண்ணி அவன் காலை மிதித்தாள். "ஏழாம் நம்பர் எங்கேருந்து வந்தது?"

"தபால்ல. எட்டு தட்டுதான் கைவசம் இருந்தது, இதையும் சேத்துட்டேன். அட்டைல போட்டோ இல்ல, விலாசம் இல்ல, வாசிச்சவங்க பேரு இல்ல. குழுவோட பேரு மட்டும்தான். விசாரிச்சுப் பாத்துட்டேன், அப்படி ஒரு குழு எந்த மேடையிலயும் ஏறினதில்ல."

"விமர்சகரோட உறையை எப்பப் பிரிச்சீங்க?"

"நேத்து சாயங்காலம். நான் மட்டும்தான் பாத்தேன்."

"கடிதம் எப்ப வந்தது?"

தயாரிப்பாளர் வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "நேத்து... காலைல."

"ஆக, உறையைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே முடிவு தெரிஞ்ச ஆள்" என்றாள் அண்ணி.

"அப்ப எழுதினவன் ஜோசியக்காரன்" என்றான் கொழுந்தன். "கேஸ் முடிஞ்சுது. கிளம்பலாமா?"

"உட்காரு. மிரட்டல் கடிதத்துல 'அவர் பாவம்'னு யாராவது எழுதுவாங்களா? இந்த ஆளுக்கு அவர் மேல கோபம் இல்ல தம்பி. பரிதாபம்." அண்ணி எழுந்தாள். "அவர்கிட்ட நேராப் பேசினா என்ன?"

"ஐயோ, வேண்டாம் மேடம். காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சுக் குடுங்க. இப்பப் போனாலும் பிரயோஜனம் இல்ல. சாப்பிட்ட கையோட ஹெட்போன மாட்டிக்கிட்டு அடுத்த மாசத்துத் தட்டுகள ஆரம்பிச்சுடுவாரு. கூரை இடிஞ்சு தலைல விழுந்தாலும் தெரியாது."

"சரி, அந்த ஏழாம் நம்பரக் கேப்போம்" என்றாள் அண்ணி.

கீழ்த்தளத்தில் ஒலிப்பதிவாளர் இருந்தார். நாற்பது வருஷமாகக் குமிழைத் திருகித் திருகி அவருக்கே குமிழ் என்று பெயர் வந்துவிட்டது. பேசும்போதுகூட எதிராளியின் சட்டைப் பொத்தானைத் திருகுவார். கொழுந்தன் ஜாக்கிரதையாக இரண்டடி தள்ளி நின்றான்.

"ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ" என்று குமிழ் ஆரம்பித்தார். "வியோலான்னா..."

"கொஞ்சம் சதை போட்ட வயலின்" என்றான் கொழுந்தன். "செல்லோன்னா நிறைமாச வயலின். மேல சொல்லுங்க."

குமிழ் முதலில் இரண்டாம் நம்பரை ஓட விட்டார். நாலு பேரும் ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி ஓடினார்கள். அடுத்து ஐந்தாம் நம்பர். அதே இடம், அதே சுரங்கள். ஆனால் ரயிலைத் தவறவிட்டு நடைமேடையில் உட்கார்ந்து யோசிப்பவர்கள் மாதிரி இருந்தது. இந்த இசையை எழுதிய மேதை அதை முடித்த கையோடு படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். அதனால் சிலர் அழுது வாசிப்பார்களாம், சிலர் அவர் சாவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வாசிப்பார்களாம்.

பிறகு ஏழாம் நம்பர். கொழுந்தனுக்கு இசையில் பெரிய ஈடுபாடு கிடையாது. இருந்தாலும் மூன்றாம் நிமிஷத்தில் தான் ஒரு ஜோக்கும் அடிக்காமல் இருப்பதை அவனே கவனித்து ஆச்சரியப்பட்டான். ஒரே சமையலறையில் நாலு பேர் இடித்துக்கொள்ளாமல் வேலை செய்வது போல, ஒருவர் கை நீட்டினால் இன்னொருவர் எடுத்துக் கொடுப்பது போல அது இருந்தது. யாரும் பார்க்காதபடி மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"குழுவோட பேரு என்ன?" என்று கேட்டாள் அண்ணி.

"இரண்டு மணி நால்வர்."

"இந்தக் குழுக்காரங்க பேரு எப்படித் தேர்ந்தெடுப்பாங்க?"

"அது பெரிய கூத்தும்மா" என்று குமிழ் உற்சாகமாகக் கொழுந்தனின் பொத்தானை எட்டிப் பிடித்துவிட்டார். "பிறந்த ஊர் பேரு வெப்பாங்க. முதல் வயலின்காரரோட குடும்பப் பேரு வெப்பாங்க, அப்புறம் அவரே சண்டை போட்டு விலகிப் போயிடுவாரு, பேரு மட்டும் நிக்கும். வயலின் செஞ்ச தச்சர் பேரு, ஆறு, மலை, பிடிச்ச ஓவியர். நாலு பேருக்கும் ஒரே நேரத்துல பிடிக்கிற பேரு லேசுல கிடைக்காது. இதோ நாலாம் நம்பர், 'செங்கல் நால்வர்'. மூணு மாசம் பேருக்குச் சண்டை போட்டு, கடைசில எதிர்ச் சுவத்தப் பாத்து வெச்சாங்களாம்."

"நல்ல வேளை, சுவத்துல 'விளம்பரம் ஒட்டாதே'ன்னு எழுதல" என்றான் கொழுந்தன், பொத்தானை மீட்டுக்கொண்டே.

அண்ணி அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். "ஊர் பேரு வெக்கிறவன் ஊர விட்டு வெளிய வந்தவன். ஆள் பேரு வெக்கிறவன் அந்த ஆளுக்குப் பயந்தவன். நேரத்தப் பேரா வெக்கிறவங்களுக்கு, அந்த நேரத்த விட்டா வேற நேரமே கிடையாது. ஒரு நாளைக்கு ரெண்டு மணிக்குத்தான் இவங்களால வாசிக்க முடியும். ஏன்?"

"ஓட்டல் சமையல்காரங்க" என்றான் கொழுந்தன். "பந்தி முடிஞ்சு பாத்திரம் ஊறுற நேரம்."

"மோசமில்ல. இன்னொரு தரம் போடுங்க. இந்தத் தடவை வாசிக்காத இடத்தை மட்டும் கேக்கணும்."

குமிழ் விழித்தார். அண்ணி விளக்கினாள்: ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் நடுவே இருக்கும் மௌனம். இரண்டாம் பாகத்துக்கு முன்னால் இருந்த மௌனத்தில், சுவருக்கு அப்பால் யாரோ முனகுவது போல என்னவோ கேட்டது.

"நாற்காலி கிறீச்சிடுதுன்னு நெனச்சு விட்டுட்டேன்" என்றார் குமிழ்.

"ஏத்துங்க."

குமிழ் ஏற்றினார். இரைச்சல் காட்டுத்தீ மாதிரி எழுந்தது. அதற்கு நடுவில் ஒரு ஆண்குரல், ஆத்திரமாக, ஆனால் அட்சரசுத்தமாகக் கத்தியது:

"ஐயய்யோ! செல்லோ தூங்குது!"

வாசலில் 'டங்' என்று சத்தம். காபியோடு வந்த தயாரிப்பாளர் கோப்பையைத் தவறவிட்டிருந்தாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"அது... அவரோட குரல்" என்றாள். "பாம்புச்செவியார் குரல்."

கொழுந்தன்தான் எல்லார் மனதிலும் இருந்ததைப் போட்டு உடைத்தான். "அப்ப இது அவரே பண்ணின தில்லுமுல்லு. ஆள் வெச்சு வாசிக்கச் சொல்லி, கூடவே நின்னு மிரட்டி, தட்டு போட்டு, தபால்ல அனுப்பி, தனக்குத் தானே முதலிடம். கில்லாடிதான்!"

தயாரிப்பாளர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். முப்பத்தோரு வருஷம் நம்பிய மனிதர்.

அண்ணி மட்டும் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றே கால். "அவர் வீடு எவ்வளவு தூரம்?"

"பஸ்ல இருபது நிமிஷம்."

"வா தம்பி. சரியா ரெண்டு மணிக்கு அங்க இருக்கணும்."

இரண்டு அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது அவர்கள் அந்த வீட்டு மதில் ஓரமாகக் குனிந்து நின்றார்கள். அண்ணி குனிந்தால் துப்பறிவாளர் மாதிரி இருந்தது. கொழுந்தன் குனிந்தால் செருப்பைத் தொலைத்தவன் மாதிரி இருந்தது. முன் அறை ஜன்னல் வழியே பாம்புச்செவியார் தெரிந்தார். சாய்வு நாற்காலி, மூடிய கண், தலையில் பெரிய ஹெட்போன், மடியில் நோட்டு. திடீரென்று வானத்தைப் பார்த்து, தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தினார்: "அவசரம்! அவசரம்! யார்டா உங்களத் துரத்தறது?"

எதிர்வீட்டுப் பூனை அசையக்கூட இல்லை. அதற்குப் பழகிவிட்டது போலும்.

"காதுல மாட்டிக்கிட்டவங்களுக்குத் தான் கத்தறது தெரியாது" என்று கிசுகிசுத்தாள் அண்ணி. "இப்ப பின்பக்கம் கவனி."

கொழுந்தன் காதைத் தீட்டினான். வீட்டின் பின்புறத்திலிருந்து, மெல்ல, நாலு கருவிகள் சுருதி சேர்க்கும் ஒலி வந்தது.

சந்து வழியாக, குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, துணி துவைக்கும் அறைக் கதவுக்குப் போனார்கள். கதவு தட்டுவது கொழுந்தன் இலாகா. தட்டினான். உள்ளே சலவை இயந்திரத்துக்கும் கொடியில் தொங்கும் போர்வைகளுக்கும் நடுவில் நாலு முக்காலிகள். முதல் முக்காலியில் வயலினோடு பாம்புச்செவியாரின் மனைவி. இரண்டாம் வயலின், தெருமுனைப் பல் வைத்தியர். வியோலா, பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர். செல்லோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கனத்த அம்மாள் பாம்புச்செவியாரின் கூடப்பிறந்த அக்கா.

"அடக் கடவுளே" என்றான் கொழுந்தன். "நாத்தனாரும் கூட்டா?"

விமர்சகரின் மனைவி வயலினைப் புடவைத் தலைப்பில் மறைக்கப் பார்த்தாள். அண்ணி கடிதத்தை எடுத்து நீட்டினாள். "நீங்க எழுதினதுதானேம்மா?"

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா."

"செல்லோ தூங்குதாமா?" என்று நாத்தனார் பழைய ஆத்திரம் தாங்காமல் பக்கத்திலிருந்து சீறினாள். "இவன் பேட்டையெல்லாம் கேக்கறாப்பல கத்தினானே, அன்னிக்கு ரெக்கார்டு பண்ணினப்ப, அது என்னைய இல்லன்னு இவங்க சொல்றாங்க! ஹெட்போன்ல வேற எவனையோ கேட்டுக்கிட்டிருந்தானாம். அதுக்காக நான் பொறுத்துக்கணுமா?"

"அந்தக் கத்தல் தட்டுல விழுந்திருக்கு, தெரியுமா?" என்று கேட்டாள் அண்ணி.

மனைவி நிஜமாகவே திகைத்தாள். "விழுந்திருக்கா? எனக்குக் கேக்கவே இல்லியே. முப்பத்தோரு வருஷமா அவரு கத்தறது என் காதுல ஏர்றதே இல்ல."

பிறகு விஷயம் மளமளவென்று வெளியே வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் மேடையேறிய வயலின்காரி. கல்யாணம் ஆனது, அவருக்குக் கேட்பதற்கு அமைதி வேண்டியிருந்தது, வயலின் பரணுக்குப் போனது. போன வருஷம் நாத்தனார்தான் பிடிவாதமாக இறக்கினாள். அவர் ஹெட்போன் மாட்டும் இரண்டு மணிதான் நாலு பேருக்கும் தோது. தட்டை அனுப்பியது ஒரு விளையாட்டுக்கு.

"ஒன்பதாவது இடம்தான் குடுப்பாருன்னு நெனச்சோம்" என்றாள் மனைவி. "திட்டித் தீர்த்ததும், 'அது நாங்கதான்'னு சொல்லிச் சிரிக்கலாம்னு இருந்தோம். ஆனா போன வாரம் சாப்பிட உட்கார்ந்தவரு, சாப்பாட்டத் தொடல. 'ஏழாம் நம்பர், அந்த முதல் வயலின்... யாரோ தெரியல, இத்தனை வருஷமா இந்த ஒரு கைக்காகத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்'னு சொல்லிக் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. ரேடியோவுல சொன்னப்புறம் உண்மை தெரிஞ்சா, பொண்டாட்டி வாசிப்பையே தெரியாத காதுன்னு ஊரே கேலி பண்ணும். அவருக்கு வேற என்ன இருக்கு? அதான் எழுதினேன்."

கொழுந்தனுக்கு அந்த அம்மாளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"கேள்வி கேட்டது போதும்" என்றாள் நாத்தனார். "மணி ரெண்டேகால். அவன் எந்திரிக்கறதுக்குள்ள கடைசிப் பாகத்த முடிக்கணும். அப்புறம் ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க."

நாலு பேரும் வாசிக்கத் தொடங்கினார்கள். கொழுந்தன் மெய்மறந்து ஓரடி பின்னால் நகர்ந்து, சுவரில் சாய்ந்தான். அவன் சாய்ந்தது சுவரில் இல்லை, மெயின் சுவிட்ச்சில்.

விளக்கு அணைந்தது. சலவை இயந்திரம் நின்றது. ஜன்னல் வெளிச்சம் இருந்ததால் நால்வரும் கவனிக்கவே இல்லை, வாசிப்பு தொடர்ந்தது. ஆனால் முன் அறையில் ஒரு ஹெட்போன் ஊமையாகிவிட்டிருந்தது.

திடுதிடுவென்று வெறுங்காலோடு யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. "ஏழாம் நம்பர்! ஏழாம் நம்பர் நம்ம வீட்ல வாசிக்கறாங்க! சீக்கிரம் வாயேன், எங்க போயிட்ட நீ..." என்று மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே வந்த பாம்புச்செவியார், நிலைப்படியில் நின்றார்.

வில்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. அவர் பல் வைத்தியரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கடைசியாக மனைவியைப் பார்த்தார். வாயில் ஈ போனால்கூடத் தெரிந்திருக்காது.

"நீயா?" என்றார். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே" என்றாள் அவள். "கல்யாணமான மூணாம் மாசத்துலேருந்து, வாசிக்கணும் வாசிக்கணும்னு சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். நீங்க காதுல மாட்டியிருந்தீங்க."

மணி நாலு ஐம்பத்தைந்துக்கு வானொலி நிலையத்தில் தயாரிப்பாளர் ஒரு புது உறையை நீட்டினாள். "ரெண்டாம் நம்பருக்கு முதலிடம்னு படிச்சுடுங்க. ஒருத்தருக்கும் தெரியாது. நாங்க யாரும் வாயத் திறக்க மாட்டோம்."

பாம்புச்செவியார் உறையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒலிபரப்பு அறைக்குள் போனார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அண்ணி, கொழுந்தன், நால்வர் குழு எல்லாரும் மந்தையாக நின்றார்கள். டைரக்டரும் வந்து சேர்ந்தார், கையில் போக்குவரத்து நிலவரத்தோடு. மனைவி கைகளைப் பிசைந்தபடி, "ரெண்டுன்னு சொல்லிடுங்க, ரெண்டுன்னு சொல்லிடுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"முதலிடம், ஏழாம் நம்பர்" என்றார் அவர். "இரண்டு மணி நால்வர். இந்தக் குழு எங்க வீட்டுத் துணி துவைக்கும் அறையிலதான் வாசிக்கறாங்க. நான் முன் அறையிலதான் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியாது. தட்டுல என் குரலே கேக்குது, அதையும் நான் கண்டுபிடிக்கல. என் மனசுல தோணினதுன்னு நெனச்சுட்டேன். இனிமே என் காதை நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

டைரக்டர் முகம் மலர்ந்தார். அதே சமயம் தொலைபேசி விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மினுக்க ஆரம்பித்து, ஒரு நிமிஷத்தில் பலகை முழுவதும் எரிந்தது. குமிழ் ஒன்றை எடுத்துக் கேட்டார். "ஒரு அம்மா பேசறாங்க. அந்தத் தட்டு எங்க கிடைக்கும்னு கேக்கறாங்க. அவங்க வீட்டுக்காரரும் காதுல மாட்டியிருக்காராம்."

இன்னொன்றை எடுத்தார். அதுவும் அதேதான். டைரக்டர் போக்குவரத்து நிலவரத்தை நாலாய் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தயாரிப்பாளர் ஒரு துண்டுச் சீட்டில் 'வாசித்தவர்கள் யார் யார்?' என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள்.

"செல்லோ, என் அக்கா" என்றார் பாம்புச்செவியார். "அக்கா தூங்கல. அது வேற தட்டு. வியோலா, எங்க பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர். ரெண்டாம் வயலின், என் பல்லைப் பிடுங்கின வைத்தியர். முதல் வயலின் என் மனைவி..."

அவர் நிறுத்தினார். நேரடி ஒலிபரப்பில் அத்தனை நீளமான மௌனத்தைக் குமிழ் தன் ஆயுசில் கேட்டதில்லை. கை குமிழுக்குப் போனது; அண்ணி அதைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அந்த அம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல, தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். "நான் முதல் வயலினோட வீட்டுக்காரன்."